நடிக்கத் தடை, பாடத் தடையில்லை

1888ஆம் ஆண்டு ஜூன் 29. தெற்கு லண்டனில் சிடன்ஹாம் குன்றின்மேல் இருந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில் ஹேண்டல் விழா நடந்துகொண்டிருந்தது. எடிசனின் பிரதிநிதியான கர்னல் கூரோ, புதிதாக வந்திருந்த ஃபோனோகிராஃப் கருவியைப் பத்திரிகையாளர் மாடத்தில் வைத்து அதன் வாயைப் பாடகர்கள் பக்கம் திருப்பினார். நடத்துநர் ஆகஸ்ட் மான்ஸ் கைகாட்ட, 4,000 பேர் ‘எகிப்தில் இஸ்ரேல்’ ஆரட்டோரியோவின் கோரஸைப் பாடினார்கள். அன்று பதிவான மெழுகு உருளைகளின் ஒலி இன்றும் நமக்குக் கேட்கக் கிடைக்கிறது. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய இசைப் பதிவுகளுள் அவையும் சேரும். போட்டவுடன் இரைச்சல்தான் காதில் விழும். பொறுத்துக் கேட்டால், அந்த இரைச்சலுக்கு அடியில் எழுந்து தணியும் ஒரு பெருங்குரல் பிடிபடும். சொல் ஒன்றும் விளங்காது. ஆனாலும் அது மனிதக் கூட்டம் ஒன்றின் குரல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இதே படைப்பை 1739 ஏப்ரலில் ஹேமார்க்கெட்டின் கிங்ஸ் தியேட்டரில் ஹேண்டல் முதன்முதலாக அரங்கேற்றியபோது அது எடுபடவில்லை. கோரஸுக்கு மேல் கோரஸாக வருகிறதே என்பதுதான் குறை. காசு கொடுத்து வந்தவர்கள் எதிர்பார்த்தது பெயர்பெற்ற தனிப்பாடகர்களை. மேடையில் இருந்ததோ இரட்டைப் பாடகர் குழு. ஒரு வாரம் கழித்து மறுபடி போட்டபோது ஹேண்டல் சில பகுதிகளை வெட்டி, இடையிடையே தனிப்பாடல்களைச் செருகினார். அப்படியும் தேறவில்லை. எதற்காக லண்டன் அதை ஒதுக்கியதோ, அதற்காகவே ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து அதே லண்டனில் 4,000 பேர் அதைப் பாடக் கூடினார்கள்.

இந்த மாற்றத்தைக் கேட்பவரின் ரசனை மாறியதாக மட்டும் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். பரோக் காலத்து ஆரட்டோரியோ கோரஸ்கள் முதலில் பாடுகிறவர்களுக்கு உரியவை. நான்கு வகைக் குரல்களில் எதில் நின்றாலும் முக்கியமான ஒன்று தன் வாயில் வரும் என்ற நிச்சயத்தை அவை பாடகருக்குக் கொடுக்கின்றன. இன்னொன்றும் செய்கின்றன: பாடுபவரை ஒரு கதையின் கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகின்றன, சில வேளை அவரே வெறுக்கக்கூடிய கூட்டத்துக்குள்ளும். இந்த இரண்டும் சேர்ந்துதான் இவற்றை இவ்வளவு காலம் தாங்கிவந்திருக்கின்றன. இரண்டுக்கும் பின்னால் ஒரு தடையின் கதை இருக்கிறது.

ஆரட்டோரியோ பிறந்தது ரோமில். 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலிப்பு நேரி என்ற குருவானவர் ஜெபக்கூடங்களில் சாதாரண மக்களைக் கூட்டி ஜெபம், பிரசங்கம், பாட்டு என்று நடத்திவந்தார். அடுத்த நூற்றாண்டில் அந்தப் பாட்டு வளர்ந்து வேதாகமக் கதையைப் பாடிச் சொல்லும் வடிவமானது. வேஷம் கிடையாது, திரை கிடையாது, நடிப்பு கிடையாது. இசையமைப்பாளர் காரிசிமியின் ‘யெப்தா’ 1650க்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. முழுதும் பாட அரை மணி நேரம்கூட ஆகாது. போரில் வென்றால் வீடு திரும்பும்போது முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவதாக யெப்தா நேர்ந்துகொள்கிறான். எதிரே தம்புரு தட்டி ஆடிக்கொண்டு வருவது அவனுடைய ஒரே மகள். மலைகளுக்குப் போய் அழ அவள் அவகாசம் கேட்கிறாள். அவள் புலம்பலின் ஈற்றுச் சொற்களை இரண்டு சொப்ரானோ குரல்கள் மலையின் எதிரொலியாகத் திருப்பிப் பாடுகின்றன. பிறகு ஆறு குரல்களில் கடைசிக் கோரஸ்.

அந்தக் கோரஸில் நடப்பது நுணுக்கமானது. ஒரு குரல் தன் சுரத்திலேயே நிற்க, மற்றவை அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். நின்ற சுரம் இப்போது அவற்றோடு உரசும். அந்த உரசல் ஒரு கணம் நீடித்து, நின்ற குரல் ஒரு படி கீழே இறங்கியதும் தீரும். தீர்ந்த நொடியில் வேறொரு குரல் உரசத் தொடங்கியிருக்கும். இப்படி ஒரு குரலின் வலி இன்னொரு குரலுக்குக் கைமாறிக்கொண்டே போகிறது. ஒரு பெண்ணின் அழுகை ஊர் அழுகையாவதை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அதனாசியுஸ் கிர்ச்சர் என்ற சேசு சபை அறிஞர் 1650இல் வெளியிட்ட இசை நூலில் இந்தப் படைப்பைப் போற்றி எழுதினார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து ஹேண்டல் இந்தக் கோரஸின் இசையையே எடுத்துத் தன் ‘சாம்சன்’ ஆரட்டோரியோவில் இஸ்ரவேலரின் வேண்டுதலாக வைத்தார்.

ஆனால் இத்தாலியில் ஆரட்டோரியோ போகப்போகத் தனிப்பாடகர்களின் கைக்குப் போய்விட்டது, கோரஸ் சிறுத்தது. இளைஞரான ஹேண்டல் 1708இல் ரோமில் எழுதிய ‘உயிர்த்தெழுதல்’ ஆரட்டோரியோவில் கோரஸ் பெயருக்குத்தான் வருகிறது. லண்டன் வந்த பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் அவருடைய பிழைப்பு இத்தாலிய ஓபராதான். அதில் விதையடிக்கப்பட்ட உச்சஸ்தாயிப் பாடகர்களும் போட்டிப் பாடகிகளும்தான் எல்லாம். முடிவில் பாத்திரங்கள் எல்லோரும் சேர்ந்து நாலு வரி பாடுவதற்கே அங்கே கோரஸ் என்று பெயர்.

திருப்பம் 1732இல் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரபுவின் மாளிகைக்காக ஹேண்டல் எழுதியிருந்த ‘எஸ்தர்’ நாடகத்தை, சேப்பல் ராயல் என்னும் அரச தேவாலயத்தின் சிறுவர்கள் அவருடைய பிறந்தநாளான பிப்ரவரி 23 அன்று ஒரு விடுதி அரங்கில் வேஷம் கட்டி நடித்துப் பாடினார்கள். பலரும் மெச்சினார்கள். ஹேமார்க்கெட் தியேட்டரில் பொதுமக்களுக்கும் போடலாம் என்று பேச்சு எழுந்தது. அரச தேவாலயத்துக்குப் பொறுப்பான லண்டன் பேராயர் எட்மண்ட் கிப்சன் மறுத்துவிட்டார். தேவாலயச் சிறுவர்கள் கூத்துமேடையில் நடிப்பதா? நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடிக்கட்டும் என்றுகூடக் கேட்டுப் பார்த்ததாகப் பழைய இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி எழுதியிருக்கிறார். அதற்கும் இசையவில்லை. மே மாதம் ஹேண்டல் ‘எஸ்தரை’ நடிப்பில்லாமல், மேடையில் வரிசையாக நிறுத்திப் பாடவைத்தார். ஆங்கில ஆரட்டோரியோ அந்த மறுப்பில்தான் உருவம் கொண்டது.

நடிப்பு போனதும் போர், புயல், பலி, வெற்றி ஊர்வலம் எதையும் கண்ணுக்குக் காட்ட வழியில்லை. காட்ட முடியாததைக் கேட்கவைக்க வேண்டும். அந்த வேலை கோரஸின் தலையில் விழுந்தது. வாய்ப்பாக, பயின்ற தேவாலயப் பாடகர்கள் ஹேண்டலிடம் இருந்தார்கள். ‘எஸ்தர்’, அடுத்த ஆண்டு வந்த ‘அத்தாலியா’ இரண்டுக்கும் மூலம் பிரெஞ்சு நாடகாசிரியர் ராசீனின் நாடகங்கள். சேன்-சீர் பள்ளி மாணவியருக்காக ராசீன் அவற்றை எழுதியபோது பழைய கிரேக்கத் துன்பியலின் கோரஸை மீட்டெடுத்துச் சேர்த்திருந்தார். ஏதென்ஸின் கோரஸ் இப்படி ஒரு பிரெஞ்சுப் பெண்கள் பள்ளி வழியாக லண்டன் தியேட்டருக்கு வந்து சேர்ந்தது. நிகழ்வதைப் பார்த்து அஞ்சும், இரங்கும், சில வேளை தவறாகக் கணிக்கும் ஒரு ஊரின் குரல் அது. மேடையில் அசையாமல் நின்ற பாடகர்களுக்கு அது பொருந்திவிட்டது.

‘எகிப்தில் இஸ்ரேல்’ படைப்பின் வாதைகளை ஒரு முறை கேட்டாலே இது புரியும். ஈக்கள் வரும் இடத்தில் வயலின்கள் மூச்சுவிடாமல் பொடிச் சுரங்களில் பறக்கின்றன. ஆலங்கட்டி மழையில் இரண்டு குழுக்களும் மாறிமாறி ஒன்றின்மேல் ஒன்று கத்துகின்றன. (இந்த மழைக்கான இசையில் ஒரு பகுதி, ஸ்ட்ரதெல்லா என்ற முந்தைய தலைமுறை இத்தாலியரிடமிருந்து எடுத்தது. பிறர் இசையை எடுத்தாள்வதில் ஹேண்டலுக்குத் தயக்கமே இருந்ததில்லை.) எனக்கு இவற்றிலெல்லாம் மேலாகப் படுவது இருள் வரும் கோரஸ். தாழ்ந்த ஸ்தாயியில் தந்திகள் கனமாக அழுத்திக் கிடக்க, குரல்கள் ஓர் ஆதார சுருதியில் நிலைகொள்ளாமல் தடவித் தடவி நகர்கின்றன. எது வீட்டுச் சுரம் என்று பாடுபவருக்கே உறுதியில்லாத நிலை. போகப்போகக் கூட்டம் கலைந்து, ஒவ்வொரு குரல்வகையும் தனியாக விடப்படுகிறது. எந்த மேடை விளக்கை அணைத்தாலும் இந்த இருட்டு வராது. அடுத்து, தலைப்பிள்ளைகள் சாகும் கோரஸில் இசைக்குழு சம்மட்டி அடியாக விட்டுவிட்டு இறங்குகிறது.

இனி எல்லோருக்கும் தெரிந்த ‘அல்லேலூயா’. ‘மெசையா’வை ஹேண்டல் 1741 ஆகஸ்ட் 22இல் தொடங்கி செப்டம்பர் 14இல் முடித்தார். 24 நாள். அந்த வேகத்தைத் தெய்வச் செயலாகச் சொல்லும் கதைகள் பல உண்டு. அவருடைய மற்றப் படைப்புகளும் இதே வேகத்தில் எழுதப்பட்டவைதான். ‘அல்லேலூயா’ ஒலித்தபோது ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றார் என்ற கதையும் அப்படியே. லண்டனின் முதல் நிகழ்ச்சி 1743இல். மன்னர் வந்ததற்கே அக்காலச் செய்தித்தாள்களில் சான்றில்லை, கதை எழுத்தில் வருவது பல பத்தாண்டுகள் பிந்தி. இந்தக் கதைகள் இல்லாமலே அந்த இசை நிற்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். முதலில் நான்கு குரல்களும் ஒரே தாளத்தில், கட்டியாக, அந்த ஒரு சொல்லை எறிகின்றன. உடனே அதற்கு நேர்மாறாக எல்லோரும் ஒரே சுர வரிசையை ஒரே குரலாகப் பாடுகிறார்கள்; ஹார்மனி முழுக்க மறைந்துவிடுகிறது. அடுத்து, அந்த ஒற்றை வரிசையும் பழைய கத்தலும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றப்படுகின்றன. பிறகு குரல் தாழ்ந்து ஒரு திருச்சபைப் பாட்டின் அமைதி. சட்டென்று முழுப் பலம். அப்புறம் பேஸ் குரல் ஒரு புதிய கருவைத் தொடங்க, டெனர் அதையே ஏற்று, ஆல்டோ, கடைசியாகச் சொப்ரானோ என்று ஃபியூக் முறையில் கீழிருந்து மேலாகக் கட்டப்படுகிறது. அது அடங்குவதற்குள் மேல் குரல்கள் நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்து நிற்க, கீழே மற்றவை சுத்தியலாக அடிக்கின்றன. அந்த நீண்ட சுரம் படிப்படியாக மேலே ஏறுகிறது. ஏறும் ஒவ்வொரு படியிலும் இனி ஏற இடமில்லை என்று தோன்றும். முடிவுக்குச் சற்று முன் எல்லாம் ஒரே வீச்சில் நின்று ஒரு முழு மௌனம். இவ்வளவும் நாலு நிமிடத்துக்குள்.

இதில் பேஸ் பாடுபவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிற்காலச் சேர்ந்திசைகள் பலவற்றில் மெட்டு சொப்ரானோவிடம் இருக்கும். மற்றவர்கள் அதற்கு அடிப்படை போட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே ஃபியூக்கைத் தொடங்குவதே பேஸ்தான். ஆல்டோவுக்கும் டெனருக்கும் அதே கரு, அதே மரியாதை. இரண்டு வரி கழித்துத் தன் முறை வரும் என்று காத்திருந்து நுழைவதும், தான் விட்ட கருவை இன்னொருவர் எடுத்துப் போவதைப் பாடிக்கொண்டே கேட்பதும் இந்த இசை பாடகருக்குத் தரும் தனி இன்பம். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாதிதான் கிடைக்கும்.

அதே ‘மெசையா’வில் வேறொரு வகை இலகுவும் இருக்கிறது. குழந்தை பிறந்த செய்தியைச் சொல்லும் கோரஸின் மெட்டை, இரண்டு மாதம் முன்பு தான் எழுதிய ஓர் இத்தாலியக் காதல் இருகுரல் பாட்டிலிருந்து ஹேண்டல் எடுத்தார். குருட்டுக் காதலை இனி நம்பமாட்டேன் என்று சொல்லும் பாட்டு அது. மூலத்தின் இருகுரல் மென்மை கோரஸிலும் அப்படியே தங்கியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டு குரல்கள்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று நீண்ட பிருகா போட, மற்றது காத்திருக்கிறது. திடீரென்று எல்லோரும் சேர்ந்து பிறந்த பிள்ளையின் பட்டப்பெயர்களை முழங்க, மறுபடி இருகுரல் ஓட்டம். கனம் எங்கே வேண்டும் என்று தெரிந்தவர் மற்ற இடங்களில் எவ்வளவு சிக்கனம் பிடிக்கிறார்! ‘மெசையா’வில் டிரம்பெட்டுகளும் அப்படித்தான். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படைப்பில் அவை மிகச் சில இடங்களில் மட்டுமே ஒலிக்கின்றன.

ஜெர்மனியில் பாக் போன பாதை வேறு. லைப்சிக் தேவாலயத்தில் பெரிய வெள்ளி மாலை ஆராதனைக்காக அவர் எழுதிய பாடுகளின் இசையில் கோரஸுக்குப் பல வேடங்கள். 1727இல் முதலில் பாடப்பட்டதாகக் கருதப்படும் ‘மத்தேயு பாடுகள்’ படைப்பில் ஓர் இடத்தைச் சொன்னால் போதும். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொல்கிறார். சீடர்கள் பதறி, அது நானா என்று கேட்கிறார்கள். பாக் அந்தக் கேள்வியைச் சில நொடிகளே நீளும் ஒரு கோரஸாக, குரலை முந்தும் குரலாக எழுதினார். ‘ஆண்டவரே’ என்ற விளி அதில் 11 முறை வருகிறது. பன்னிரண்டாவது ஆளான யூதாஸ் இன்னும் கேட்கவில்லை. அவன் கேட்பதற்குள் சபையார் அனைவருக்கும் மெட்டு மனப்பாடமான ஒரு கோராலைப் பாக் இடையில் வைக்கிறார். சற்றுமுன் நானா என்று பதறிய வாய்களே, ஆம், நான்தான், தண்டனை எனக்கு உரியது என்று நிதானமாகப் பதில் சொல்கின்றன.

அதே பாடகர்கள் இன்னும் ஒரு மணி நேரத்தில், யாரை விடுதலை செய்ய வேண்டும் என்று பிலாத்து கேட்கும்போது, பரபாஸின் பெயரை ஒரே ஒரு கொடூரமான சுரக்கூட்டில் கத்த வேண்டும். உடனே சிலுவையில் அறையச் சொல்லும் கோரஸ். அதை ஒட்டி இரக்கத்தில் நனைந்த இன்னொரு கோரால். குற்றஞ்சாட்டும் கூட்டத்தையும் குற்றம் உணரும் சபையையும் ஒரே தொண்டையில் வைத்ததுதான் பாக்கின் பெரிய காரியம். ‘யோவான் பாடுகள்’ படைப்பில் அந்தக் கூட்டம் யூதர்கள் என்றே பெயர் சொல்லப்படுவதால், 20ஆம் நூற்றாண்டில் நடந்தவற்றுக்குப் பிறகு அதைப் பாடுவது எளிதாக இல்லை. நிகழ்ச்சிக்கு முன் உரை, விவாதம் என்று பல குழுக்கள் ஏற்பாடு செய்கின்றன. அது தேவைதான். பாக்கின் கோரால்களோ குற்றத்தை வேறு இனத்தின்மேல் ஏற்றாமல் பாடுபவரின் ‘நான்’ மேலேயே ஏற்றுகின்றன என்பதும் அந்த விவாதத்தில் இடம்பெற வேண்டும்.

இந்தக் கோரால்களுக்கும் தமிழுக்கும் உறவு உண்டு. ஹேண்டல் பிறந்த ஹாலே நகரின் பல்கலைக்கழகத்தில், அவர் 1702இல் சேர்ந்த சிறிது காலத்துக்குள் படிக்க வந்தவர் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும், பாக் கையாண்ட அதே லுத்தரன் மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் பொருத்தினார்கள். ஞானப்பாட்டு என்ற பெயரில் அவை தமிழ் லுத்தரன் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. தஞ்சைப் பக்கத்துச் சபை ஒன்றில் ஞாயிறுதோறும் அவற்றைப் பாடி வளர்ந்தவருக்குப் பாக்கின் கோரால் அந்நியமாக ஒலிக்காது.

பாக்கின் ‘கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ’ தொடங்குவது கெட்டில்டிரம் என்னும் முரசின் தனி முழக்கத்தில். குரலுக்கு முன், வயலினுக்கு முன், முரசு. காரணம் அந்த இசையின் முந்தைய பிறவி: 1733 டிசம்பரில் போலந்து அரசியின் பிறந்தநாளுக்காக எழுதப்பட்ட அந்தப் பாட்டின் முதற்சொற்கள் முரசுகளை முழங்கச் சொல்லி அழைப்பவை. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வேறு சொல் ஏற்றியபோது முரசைப் பற்றிய பேச்சு போய்விட்டது, முரசு மட்டும் நின்றது. அரசிக்கான மகிழ்ச்சி கிறிஸ்து பிறப்புக்கான மகிழ்ச்சியாக மாற ஒரு சுரம்கூடப் பெரிதாக மாற வேண்டியிருக்கவில்லை. காதல் பாட்டைத் தேவ பிறப்புக்குத் திருப்பிய ஹேண்டலும் இதைத்தான் செய்தார். பக்திக்கென்று தனி உணர்ச்சியை இவர்கள் தேடவில்லை. மனிதரிடம் இருக்கும் மகிழ்ச்சியும் துயரமும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. நம்பிக்கையற்றவர்களும் இவற்றை முழு மனதோடு பாட முடிவதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

குழுவின் அளவு பற்றிய வரலாறு தனிச் சுவை உடையது. ‘மெசையா’ முதலில் பாடப்பட்டது 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரின் ஃபிஷாம்பிள் தெருவில். நகரின் இரண்டு பேராலயங்களிலிருந்தும் வந்த பாடகர்கள் மொத்தம் 30 பேர் அளவில்தான். இடம் போதாமல், பெண்கள் வளையப் பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி பத்திரிகையில் கேட்டுக்கொண்டார்கள். சுமார் 700 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வசூல் இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் போனது; 142 கைதிகள் விடுதலையானார்கள். லண்டனில் 1750 முதல் அது கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் மருத்துவமனையின் ஆண்டு நிகழ்ச்சியானது. அங்கே 1754இல் நடந்த நிகழ்ச்சியின் கணக்கு கிடைத்திருக்கிறது. அதன்படி பாடியவர்களைவிட வாத்தியம் வாசித்தவர்கள் அதிகம்.

1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹேண்டல் நினைவு விழாவுக்கு 500 பேருக்கு மேல் மேடையேறியபோது இசை வேறொன்றானது. 1791இல் அங்கே அப்படியொரு விழாவைக் கேட்ட ஹைடன், வியன்னா திரும்பி ‘சிருஷ்டி’ ஆரட்டோரியோவை எழுதினார். அதன்பின் ஆலைத் தொழிலாளிகளின் காலம் வந்தது. யார்க்ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்ட் போன்ற நெசவாலை நகரங்களில் சேர்ந்திசைச் சங்கங்கள் முளைத்தன. ஹடர்ஸ்ஃபீல்ட் சங்கம் 1836இல் தொடங்கியது, இன்றும் ஆண்டுதோறும் ‘மெசையா’ பாடுகிறது. நோவெல்லோ பதிப்பகம் 1846இல் ‘மெசையா’வை மலிவு விலையில் தவணைகளாக அச்சிட்டது. ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்ஃபா முறையில் ஐந்து கோடு படிக்கத் தெரியாதவர்களும் எழுத்துகளைப் பார்த்துப் பாடக் கற்றார்கள். நம் ஸரிகமவில் ஸட்ஜம் எந்தச் சுருதியிலும் அமர்வதுபோல அதில் ‘டோ’ நகரும். மிஷனரிகள் வழியாக அம்முறை தென்னிந்தியச் சபைகளுக்கும் வந்து, நான்கு குரலில் பாடும் பழக்கத்தை ஊன்றியது. சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893 முதல் இயங்கிவருகிறது. அதன் இசை நடத்துநர்களுள் புகழ்பெற்றவரின் பெயரே ஹேண்டல் மானுவேல். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று பிள்ளைக்கு இட்ட அந்தப் பெயர் எத்தனையோ சொல்கிறது.

பெருங்குழுவின் மேல் எதிர்ப்பும் சீக்கிரமே வந்தது. 1891இலேயே பெர்னார்ட் ஷா, ஆயிரக்கணக்கானோரைக் கூட்டி மந்தமாகப் பாடவைப்பதை விட்டுவிட்டுத் தேர்ந்த 20 பாடகர்களை வைத்து ‘மெசையா’வைச் சரியாகப் பயின்று பாடிக் காட்டக் கூடாதா என்று எழுதினார். அவர் கேட்டது நடக்க முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பழைய வாத்தியங்களும் சிறு குழுக்களும் 1970களிலிருந்து பரவலானபோது, கேட்டுச் சலித்த கோரஸ்கள் நாட்டியம்போலத் துள்ளின. 1981இல் இசையறிஞர் ஜோஷுவா ரிஃப்கின் இன்னும் ஒரு படி போய், பாக் ஒரு குரலுக்கு ஒரே பாடகரை வைத்துத்தான் பாடவைத்தார் என்று வாதிட்டார். பாக் 1730இல் நகர மன்றத்துக்கு எழுதிய மனுவில் குழுவுக்குக் குறைந்தது 12 பேர், முடிந்தால் 16 பேர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாரே என்று மறுத்தவர்களும் உண்டு. சண்டை ஓயவில்லை. எனக்கு வியப்பு வேறு இடத்தில். நால்வர் பாடினாலும் நாலாயிரம் பேர் பாடினாலும் அதே கோரஸ் தாங்குகிறது. எதிரெதிரான வடிவங்களை, கட்டியான கத்தலையும் ஒற்றை வரிசையையும் ஃபியூக்கையும் மௌனத்தையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிய கட்டுமானம் அது. அளவு மாறினாலும் அந்த வேறுபாடுகள் மாறுவதில்லை.

ஹேண்டல் தன் கோரஸ்களில் எதை உயர்வாக நினைத்தார்? அவருக்குக் கதை எழுதிக் கொடுத்த தாமஸ் மோரல் ஒரு தகவல் விட்டுச் சென்றிருக்கிறார். ‘அல்லேலூயா’வைவிட ‘தியோடோரா’வின் இரண்டாம் பகுதியை முடிக்கும் கோரஸையே ஹேண்டல் மேலாகக் கருதினாராம். 1750இல் அந்தப் படைப்பு அரங்கேறியபோது லண்டனில் நில அதிர்வு பயம், அரங்கில் ஆளில்லை. இயேசு உயிர்ப்பித்த நாயீன் ஊர் விதவையின் மகன் பிணமாகப் போகும் காட்சியில் அந்தக் கோரஸ் மிகத் தாழ்ந்த, இருண்ட நிறத்தில் நடக்கிறது. எழுந்திரு என்ற கட்டளையில் ஒளி மாறுகிறது. பிறகு தாயின் மகிழ்ச்சி மெல்லத் தொடங்கிப் பெருகுகிறது. இதே ஆரட்டோரியோவில் துன்புறுத்தும் ரோமர்களுக்கும் கோரஸ்கள் உண்டு. அவற்றுக்கும் ஹேண்டல் துள்ளலான, நல்ல இசையையே கொடுத்தார். ‘சாம்சன்’ பெலிஸ்தருக்கும் அப்படித்தான். எதிரியை அசிங்கமாகப் பாடவைக்க அவர் மனம் ஒப்பவில்லை. மறுபுறம், 1746இல் கலோடனில் ஸ்காட்லாந்துக் கிளர்ச்சியாளர்களை நசுக்கிய தளபதியைப் போற்ற எழுந்த ‘யூதாஸ் மக்கபேயஸ்’ படைப்பின் வெற்றிக் கோரஸ்களில் கூட்டத்தின் குரல் களிப்பில் மிதக்கிறது. நல்ல இசைதான். ஆனால் அங்கே கூட்டம் யாருக்காகவும் இரங்குவதில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

கடைசி ஆரட்டோரியோவுக்கு ஹேண்டல் எடுத்துக்கொண்ட கதை காரிசிமி தொட்ட அதே யெப்தா கதை. 1751 பிப்ரவரி 13 அன்று, மகளின் பலி உறுதியானபின் வரும் கோரஸை எழுதிக்கொண்டிருந்தபோது இடது கண் மங்கி, எழுத முடியாமல் நிறுத்தவேண்டி வந்தது என்று கையெழுத்துப் பிரதியிலேயே ஜெர்மனில் குறித்திருக்கிறார். பத்து நாளில் கொஞ்சம் தெளிந்து மீண்டும் தொடங்கினார். முழுப் படைப்பும் முடிய ஆகஸ்ட் இறுதி ஆனது. மோரலின் கதையில் தேவதூதன் வந்து மகளைக் காப்பாற்றிவிடுவான். ஆனால் இந்தக் கோரஸ் பாடும் நேரத்தில் கூட்டத்துக்கு அது தெரியாது. தேவனின் தீர்ப்பு ஏன் இவ்வளவு இருண்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அது நான்கு பகுதிகளாகத் தடுமாறி வருகிறது. முடிவில், தேவன் விதித்ததே சரி என்ற பொருளில் மோரல் கொடுத்திருந்த சொற்களை ஹேண்டல் மாற்றி, இருப்பதெல்லாம் சரியே என்று பொருள்படும் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் வாசகத்தை வைத்தார். அந்தச் சில சொற்களை மீண்டும் மீண்டும், இடையில் மௌனங்கள் வெட்ட, எல்லாக் குரல்களும் ஒரே அடியாக அடிக்கின்றன.

அது அடங்கி ஏற்றுக்கொள்வதா, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நடத்துநருக்கோ வாதிட நேரமில்லை. அந்த மௌனங்களுக்குப் பின் குரல் எவ்வளவு பலத்தோடு திரும்ப வேண்டும் என்பதை அவர் ஒத்திகையில் முடிவு செய்தாக வேண்டும். சிலர் ஒவ்வொரு முறையும் பலத்தைக் கூட்டுகிறார்கள், சிலர் குறைக்கிறார்கள். இரண்டு விதமாகவும் பாடிப் பார்த்துவிட்டு, எது சரி என்று பாடகர்களிடமே கேட்கிற நடத்துநர்களும் இருக்கிறார்கள்.